சின்னத்துரைக்குத் தண்ணீர்

குட்டி டரான்டுலா சிலந்திக்குத் தாகம் எடுக்கும் என்பதில் நிர்வாகத்துக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. அந்தத் தாகத்தைத் தீர்ப்பது நிறுவனத்தின் தலையாய கடமை என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. அதை எந்தத் துறையின் கீழ் தீர்ப்பது என்பதில்தான் கொஞ்ச நாள் இழுபறி நடந்தது.

ஒரகடத்தில், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற தொழிற்சாலை அது. அதன் மனிதவள மேலாளர் செந்தமிழன் பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். திரும்பும்போது, மணிக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கோடு போட்ட பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்றும், பணியிடத்தில் ஓர் உயிரை வளர்த்தால் ஊழியர்களின் மன அழுத்தம் குறையும் என்ற செய்தியும் அவரோடு வந்தன. பாட்டிலை அவரே வைத்துக்கொண்டார். செய்தியை ஊழியர்களுக்குக் கொடுத்தார்.

எந்த உயிர் என்று ஆராயக் குழு அமைக்கப்பட்டது. நாய் குரைக்கும். பூனையின் முடி சீட் துணியில் ஒட்டும். கிளி, தையல் லைனில் பெண்கள் பேசுவதைக் கேட்டு மனப்பாடம் செய்து, தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வரும்போது ஒப்பித்துவிடும் அபாயம் இருந்தது. கடைசியில் டரான்டுலா சிலந்தி தேர்வானது. அது சத்தம் போடாது. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். லீவு கேட்காது. இரண்டை ஒன்றாக விட்டால் சங்கம் சேராமல் ஒன்றையொன்று தின்றுவிடும். இந்தக் கடைசிக் குணத்தைக் கேட்டபோது இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததாகச் சொல்கிறார்கள்.

சோதனை முயற்சிக்கு நான்காம் லைன் தேர்ந்தெடுக்கப்பட்டது. லைனை ஒட்டிப் பெண்களுக்கான ஓய்வறை ஒன்று இருந்தது. அங்கே யாரும் ஓய்வெடுத்ததாகப் பதிவு இல்லாததால் அது சிலந்தி அறையாக மாற்றப்பட்டு, ஏசி பொருத்தப்பட்டது. சென்னையிலிருந்து பூஜா என்ற உயிரின நல ஆலோசகர், மூடியில் ஓட்டை போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் சிலந்தியைக் கொண்டுவந்தார். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. எட்டுக் கால்களையும் மடக்கிக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்த பையன் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

லைனில் மூத்தவளான சேரப்பணஞ்சேரிக்காரி லூர்தம்மாள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாடி இது, கம்பெனி கார் வச்சி இட்டாந்துக்கீறாங்க, ஏசில குந்த வச்சிக்கீறாங்க. தொர மாதிரி கீது."

அன்றிலிருந்து அதற்குச் சின்னத்துரை என்று பேராகிவிட்டது.

சின்னத்துரைக்குப் பொறுப்பாளராகப் பாண்டிச்செல்வி நியமிக்கப்பட்டாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். படப்பையில் கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, பல வருடங்களாக டிரெய்னியாகவே தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தைத்த இருக்கைகளில் உட்கார்ந்தவர்கள் இந்நேரம் இரண்டாவது கார் வாங்கியிருப்பார்கள். வல்லக்கோட்டைப் பெண் ஒருத்தி கல்யாணமாகி வேலையை விட்டதில் நான்காம் லைனில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. அது கிடைத்தால் தீப்பெட்டி ஒட்டுகிற அம்மாவை அழைத்துவந்து படப்பையில் ஒரு வீடு பிடிப்பதாகப் பாண்டிச்செல்வி எண்ணம். கிடைக்காவிட்டால் இந்த டிரெய்னி ஒப்பந்தம் முடிந்ததும் ஹாஸ்டல் கட்டிலைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"பூச்சியை நல்லபடியா வச்சுக்கம்மா. அந்த இடம் உனக்குத்தான்" என்றார் செந்தமிழன், பாட்டிலிலிருந்து அந்த மணிக்குரிய தண்ணீரைக் குடித்தபடி.

பூஜா சொல்லிக்கொடுத்தது எளிமையான விஷயம். குட்டிச் சிலந்தி சீக்கிரம் காய்ந்துபோகும். டப்பாவில் மண்ணின் ஒரு ஓரம் மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர், சுவர் ஓரமாக நாலைந்து சொட்டு. அதன் மேலேயே தெளிக்கக் கூடாது. வயிறு உருண்டையாக இருந்தால் நலம், சுருங்கினால் தாகம். அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு அவர் ஓஎம்ஆர் போக்குவரத்துக்குப் பயந்து சீக்கிரமாகக் கிளம்பிவிட்டார்.

செந்தமிழன் சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தார். தமிழில் எழுதுவது அவருக்குப் பெருமை. "இளம் டரான்டுலாவின் உடல் நீர்மச் சமநிலையைப் பேணிப் பாதுகாத்தல் தொடர்பான நிலையான செயல்முறை" என்று தலைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் வைப்பது என்ற இடத்தில் பேனா நின்றது. எண்ணிக்கை எழுதினால், நாளைக்குச் சிலந்தி தாகத்தால் செத்துப்போனால் எண்ணிக்கை எழுதியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனவே வரம்பில்லை என்று எழுதினார். ஒருத்தி மட்டும் போனால் மற்றவர்களுக்குப் பாசம் பொங்காமல் போய்விடும். எனவே லைனில் யார் வேண்டுமானாலும் போகலாம் என்றும் எழுதினார்.

இந்த இரண்டு வரிகளின் அருமை தெரிய வேண்டுமானால் மஞ்சள் அட்டையைப் பற்றித் தெரிய வேண்டும். லைனை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்கவோ பாத்ரூம் போகவோ வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் மஞ்சள் அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். லைன் முழுக்கப் பெண்கள், அட்டை ஒன்று. போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழ முடியும். மெஷின் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது, துணியில் சிந்தினால் கறை. கூலர் இருப்பதோ கேன்டீன் கோடியில். அதனால் பெரும்பாலோர் காலையில் வாய் கொப்பளித்ததோடு சரி. தாகத்தை அடக்கினால் மற்றதையும் அடக்க வேண்டியிருக்காது என்பது லைனில் பரம்பரையாகச் சொல்லித்தரப்படும் பாடம்.

சிலந்திப் பணிக்கு நீல அட்டை வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டபோதெல்லாம். சிலந்தி அறையிலேயே படப்பையிலிருந்து வந்த மினரல் வாட்டர் கேன். தொழிற்சாலை போர் தண்ணீர் உப்பு என்பதால் அது சின்னத்துரைக்கு ஆகாது என்று முடிவாகியிருந்தது. அறையைத் தாண்டினால் பாத்ரூம்.

கணக்குப் பிரிவு மட்டும் ஒரு தடை எழுப்பியது. ஊழியர் எண் இல்லாத ஒருவருக்குத் தண்ணீர் கேன் செலவை அனுமதிக்க முடியாது. நியாயம்தானே. சின்னத்துரை டிரெய்னியாகப் பதிவு செய்யப்பட்டு, எண் வழங்கப்பட்டது. அடையாள அட்டை டப்பாவின் முன்னால் ஒட்டப்பட்டது. முகம் காட்டி வருகை பதிகிற இயந்திரத்தின் முன் டப்பாவைப் பிடித்தபோது, எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று தெரியாமல் இயந்திரம் தவித்ததால், சின்னத்துரைக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

நான்காம் லைனில் திடீரென்று சிலந்திப் பாசம் பொங்கிவிட்டது. செந்தமிழன் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே பொங்கியது. ஒருத்தி போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மனசாட்சிக்கு நாலு சொட்டு டப்பாவில் விட்டுவிட்டு வருவாள். அடுத்தவள் போவாள். எல்லோருக்கும் மனசாட்சி இருந்ததால் மறுநாளே டப்பா சம்பா வயல் மாதிரி ஆகிவிட்டது. சின்னத்துரை மூடிக்குக் கீழே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உயிர் பிழைத்தது.

பூஜாவை வரவழைத்தார்கள். இவ்வளவு ஈரம் ஆகாது, மூச்சு முட்டிச் செத்துவிடும், ஒரு நாளைக்கு ஒருவர் ஒரு தடவை வைத்தால் போதும் என்றார். செந்தமிழன் சங்கடத்தில் மாட்டிக்கொண்டார். நீல அட்டைப் பயணங்களின் எண்ணிக்கையை ஊழியர் ஈடுபாடு என்ற பெயரில் தலைமை அலுவலகத்துக்கு ஏற்கனவே அனுப்பியிருந்தார். இப்போது குறைத்தால் ஈடுபாடு குறைந்ததாக ஆகும். யோசித்து ஒரு திருத்தம் வெளியிட்டார். ஊழியர்கள் வழக்கம்போலத் தண்ணீரை எடுத்துச் சென்று சிலந்தியின் பார்வைக்கு வைக்கலாம். பாண்டிச்செல்வியைத் தவிர யாரும் ஊற்றக் கூடாது.

"அப்ப கொண்டு போற தண்ணியை என்ன சார் செய்ய?" என்று பாண்டிச்செல்வி கேட்டாள்.

"அதை ஏதாவது பண்ணிக்குங்கம்மா. கீழ மட்டும் கொட்டக் கூடாது. வழுக்கும்."

பெண்கள் கீழே கொட்டவில்லை.

சில வாரங்களில் அதிசயங்கள் நிகழ்ந்தன. நான்காம் லைனில் தலைவலி மாத்திரை கேட்பவர்கள் குறைந்தார்கள். நீர்க்கடுப்பு என்று லீவு போடுபவர்கள் இல்லை. தையல் பிசகு பாதியாகக் குறைந்தது. செந்தமிழன் படங்களோடு ஒரு விளக்கவுரை தயாரித்தார். இத்தனை பெரிய பெண்கள் கூட்டத்தின் உடல்நலத்தை நகம் அளவு சிலந்தி ஒன்று தன் மௌனமான இருப்பினாலேயே மேம்படுத்தியிருப்பது அதில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருந்தது. தலைமை அலுவலகம் அசந்துபோனது. நேரில் பார்க்க வருவதாகச் சொன்னது.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னத்துரை சாப்பாட்டை நிறுத்தியது. பிறகு ஒருநாள் மதியம் மல்லாந்து படுத்துவிட்டது. எட்டுக் காலும் மேலே.

பாண்டிச்செல்விக்கு அம்மாவின் வீடும் சேர்ந்து மல்லாந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லாமல் மெஷினுக்கு வந்து, ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள். ஷிப்ட் முடிகிற சமயம் மனசு கேட்காமல் மறுபடி போய்ப் பார்த்தாள். டப்பாவில் இரண்டு சிலந்திகள் இருந்தன. ஒன்று அசையாமல் கிடந்தது. இன்னொன்று, கொஞ்சம் பெரிசு, வெளிறிப்போய் ஓரத்தில் நின்றிருந்தது. அவள் அலறியதில் சூப்பர்வைசர் வேல்ராஜ் ஓடிவந்தார். வேல்ராஜ் பார்த்துவிட்டுச் செந்தமிழனைக் கூப்பிட்டார். செந்தமிழன் பார்த்துவிட்டு விசாரணைக்கு உத்தரவிட்டார்.

விசாரணை மறுநாள் சிலந்தி அறையிலேயே நடந்தது.

"ரெக்கார்டுல எத்தனை பூச்சி?"

"ஒண்ணு சார்" என்றார் வேல்ராஜ்.

"பெட்டியில?"

"ரெண்டு சார்."

"இதுல நம்ம பூச்சி எது?"

வேல்ராஜ் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். ரெக்கார்டில் எழுதியிருந்த அளவு, அசையாமல் கிடந்ததற்குத்தான் பொருந்தியது. உயிரோடு நின்றது அளவில் பெரிசு.

"அப்ப நம்ம பூச்சி செத்துடுச்சு. அதை மறைக்க யாரோ வேற பூச்சியைக் கொண்டாந்து அந்த இடத்துல விட்டிருக்காங்க" என்று செந்தமிழன் பாண்டிச்செல்வியைப் பார்த்தார். "இதுக்குப் பேரு ஆள்மாறாட்டம்."

"நான் எங்கிட்டு சார் போயி பூச்சி பிடிப்பேன்?" என்றாள் அவள். "ஹாஸ்டல் வாசல்ல பஸ்ல ஏத்துதீய, கேட்டுக்குள்ள கொண்டாந்து எறக்குதீய. நடுவுல கீழ எறங்கவே விட மாட்டீயளே."

இது பாதுகாப்பு ஏற்பாட்டைக் குறை கூறுவதாகுமா என்று செந்தமிழன் யோசித்துக்கொண்டிருந்தபோது பூஜாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். வேல்ராஜ் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்துப் பூஜா சிரித்துவிட்டார். பூச்சி சட்டை உரித்திருக்கிறது, வளரும்போது அப்படித்தான், செத்ததுபோல் கிடப்பது வெறும் தோல் என்றார். உடம்பு இப்போது மெத்தென்று இருக்கும், தண்ணீர் ரொம்ப முக்கியம் என்றும் சொன்னார்.

"சரிங்க மேடம். ஆனா உள்ளேருந்து வந்தது அதே பூச்சிதான்னு எழுத்துல தர முடியுமா?"

"உங்க சட்டையைக் கழட்டினா நீங்க வேற ஆளா ஆயிடுவீங்களா சார்?"

"ஐடி கார்டு சட்டையிலதான மேடம் இருக்கு" என்றார் செந்தமிழன்.

பூஜா போனை வைத்துவிட்டார்.

நிர்வாகம் பெருந்தன்மையோடு நடந்துகொண்டது. பாண்டிச்செல்வி மீது நடவடிக்கை இல்லை. பதிவில் உள்ள அளவோடு பொருந்துவதால், ஊழியர் எண் தோலுக்கே உரியது என்று தீர்மானிக்கப்பட்டது. உள்ளேயிருந்து வந்தவர் புதியவர். அவருக்கு முந்தைய பணிக்காலம் எதுவும் கிடையாது. உரித்த தேதியிலிருந்து அவர், ஆள் அனுப்புகிற படப்பை ஏஜென்சி மூலம் ஒப்பந்தப் பணியாளராகக் கருதப்படுவார்.

தோல், கண்ணாடிச் சட்டத்தில் மாட்டப்பட்டது. தலைமை அலுவலகத்தார் வந்து அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவர்களுக்குச் சிலந்தியைவிடத் தோலைத்தான் ரொம்பப் பிடித்தது. சாப்பாடு இல்லை, அசைவு இல்லை, வடிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. தோலுக்கே சிறந்த டிரெய்னி விருதை அறிவித்துவிட்டுப் போனார்கள்.

தோலுக்குத் தாகம் கிடையாது. எனவே கேன் நிறுத்தப்பட்டது. நீல அட்டை திரும்பப் பெறப்பட்டது.

உயிரோடு இருந்த சின்னத்துரையின் தண்ணீர் ஒப்பந்ததாரரின் பொறுப்பு. படப்பை ஏஜென்சியில் மாசானம் என்பவர் போனை எடுத்தார். ஆள் அனுப்புவதுதான் தன் வேலை, தண்ணீர் கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கம்பெனியோ ஒப்பந்தத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை என்றது. இரண்டு தரப்பும் மிக மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, சின்னத்துரையின் வயிறு சுண்டைக்காய் வத்தல் மாதிரி சுருங்கியது. பாண்டிச்செல்வி மஞ்சள் அட்டை முறை வரும்போது, தன் தலைத்தொப்பியைக் குழாயில் நனைத்துவந்து, பாட்டில் மூடியில் பிழிந்துவிடுவாள். உப்புத் தண்ணீர்தான். சின்னத்துரை ஒன்றும் சொல்லவில்லை. முன்காலை மூடிக்குள் வைத்து, முகத்தை அமுக்கிக் குடித்தது.

நான்காம் லைனில் தலைவலி திரும்பி வந்தது. நீர்க்கடுப்பு வந்தது. தையல் பிசகியது. சிலந்தியின் மேல் இருந்த பாசம், பொங்கிய காலத்தைவிட இப்போதுதான் உண்மையாக இருந்தது.

டீ இடைவேளையில் லூர்தம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இப்படியே விட்டால் எல்லோரும் காய்ந்து கருவாடாகிவிடுவோம், நீல அட்டை திரும்ப வர வேண்டும் என்றாள். அதற்குச் சின்னத்துரைக்குக் கம்பெனி எண் வேண்டும். மறுபடி டிரெய்னியாகப் போடச் சொல்லலாம் என்றாள் ஒருத்தி.

"த, அறிவுகெட்டவளே. டிரெய்னியா போட்டா, அது நாளைக்கே இன்னொரு சட்ட உரிச்சிகினு நிக்கும். புது ஆளுன்னுவான். நாம மறுபடியும் நாக்கு வறண்டுகினு குந்தணும். கேக்கறது கேக்கறோம், பெர்மனென்ட்டே கேட்டுரலாம்."

அதில் இருந்த தெளிவு எல்லோரையும் தொட்டது. தொழிற்சாலை வரலாற்றில் ஒரு லைன் முழுவதும் ஒரே கருத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சம்பளத்துக்கு வந்ததில்லை. பஸ்ஸுக்கு வந்ததில்லை. கேன்டீன் சாம்பாருக்குக்கூட வந்ததில்லை. பேப்பர் தயாரானது. பொறுப்பாளர் என்ற முறையில் முதல் கையெழுத்தைப் பாண்டிச்செல்விதான் போட வேண்டும் என்றார்கள். அவள் சிலந்தியின் வயிற்றை நினைத்துக்கொண்டு அழுத்திப் போட்டாள்.

லைன் முழுக்கத் திரண்டு அலுவலகத்துக்கு வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த செந்தமிழனுக்கு வியர்த்துவிட்டது. அந்த மணிக்குரிய தண்ணீரோடு அடுத்த மணிக்குரியதையும் சேர்த்துக் குடித்தார். வேல்ராஜைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் பேப்பரை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் தெளிந்தது. கடைசி வரியில் புன்னகையே வந்துவிட்டது.

"இவ்வளவுதானா?"

"இவ்ளோதான் சார்" என்றாள் லூர்தம்மாள். "வேற ஒண்ணும் வாணாம்."

ஊழியர்களின் ஒருமித்த குரலுக்கு நிர்வாகம் செவிசாய்ப்பது என்று அன்றைக்கே முடிவானது. உத்தரவை லைனுக்கு நேரில் வந்து செந்தமிழனே படித்தார். உரித்தல் முதலிய காரணங்களால் பணிக்காலம் பாதிக்கப்படாத வகையில் சின்னத்துரை இன்றுமுதல் நிரந்தரப் பணியாளர். கேன் வரும். நீல அட்டை வரும். பெண்கள் கைதட்டினார்கள். வேல்ராஜ் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்.

கைதட்டல் அடங்கியதும் பாண்டிச்செல்வி எழுந்து நின்றாள்.

"சார், என் ஒப்பந்தம் இந்த வாரத்தோட முடியுது. அந்த இடம்..."

"எந்த இடம்மா?"

"எனக்குன்னு சொன்னீய. நம்ம லைன்ல காலியா இருந்துச்சே, பெர்மனென்ட்."

செந்தமிழன் உண்மையாகவே வருத்தப்பட்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒரு லைனுக்கு ஒரு வேகன்சிதானம்மா. இப்பதான நிரப்பினோம். எல்லாரும் சேர்ந்து கேட்டீங்க. முதல் கையெழுத்தே உன்னுது."

லூர்தம்மாள் கையில் இருந்த லட்டைப் பார்த்தாள். செந்தமிழனுக்கு மனசு கேட்கவில்லை. நிரந்தரப் பணியாளர் ஒருவருக்குத் தண்ணீர் வைக்க ஆள் தேவைப்படும், மாசானத்திடம் சொல்லி ஒப்பந்தத்தில் போட்டுக்கொள்ளலாம், புது எண், புதுத் தேதி, ஹாஸ்டல் கட்டில் அதே கட்டில் என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் பாண்டிச்செல்வி புது அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிலந்தி அறையில் உட்கார்ந்து, மண்ணின் ஒரு ஓரத்தை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள். சின்னத்துரையின் வயிறு உருண்டு திரண்டிருந்தது. லைனில் எல்லோருக்கும் அவளை நினைத்து வேதனைதான். நீல அட்டையை மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அவள் தோளைத் தொட்டு, உனக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது என்றார்கள். கேனில் ஒரு டம்ளர் பிடித்து, நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்கள்.